பத்துக்கு நாலு மார்க்

வாங்க தம்பி, உள்ளே வாங்க. டிவி கம்பெனியில இருந்துதானே? மத்தியானம் ரெண்டு மணிக்கு வர்றதா மெசேஜ் வந்துச்சு, இப்ப மூணு. பரவாயில்லைங்க, ஈரோட்டு வெயில்ல வண்டி ஓட்டிட்டு வர்றதே பெருசு. முதல்ல உட்காருங்க. பேரென்னங்க? மயில்சாமியா? நல்ல பேரு. இப்பல்லாம் இந்தப் பேரை யார் வைக்கறாங்க?

கம்பெனிக்கு இது மூணாவது புகாருங்க. முதல்ல வந்தவர் நின்னுக்கிட்டே பார்த்துட்டு, "டிவியில ஒரு கோளாறும் இல்லை சார்"னு போயிட்டார். ரெண்டாவது ஆள் ரிமோட்டுக்கு பேட்டரி மாத்திட்டுப் போனார். கோளாறு இல்லைன்னா படம் ஏன் வரலை? ஞாயித்துக்கிழமை பைனல். இன்னிக்குப் புதன். அதுக்குள்ளே சரியாகணும், அவ்வளவுதான்.

அவசரமில்லை, காபி கலந்திருக்கேன், குடிச்சுட்டுப் பாருங்க. தைரியமாக் குடிங்க, தூள் நான் கண்ணால பார்த்து அரைச்சு வாங்கினது. முப்பத்தொரு வருஷம் நகராட்சியில உணவு ஆய்வாளரா இருந்தவன் நான். மஞ்சள் தூளை உள்ளங்கையில வெச்சுத் தேய்ச்சா சாயம் கலந்திருக்கான்னு சொல்லிடுவேன். டீத்தூள்ல புளியங்கொட்டை, மிளகுல பப்பாளி விதை, எல்லாம் இந்தக் கண்ணு பார்த்தாச்சு. என் வண்டிச் சத்தம் கேட்டாலே பேக்கரிக்காரன் பின்பக்கக் கதவைச் சாத்துவான்.

இப்ப என்னடான்னா, சாப்பாட்டுக்குத் தீர்ப்பு சொல்றவன் செல்போனைத் தூக்கிட்டு வர்றான். பார்த்திருப்பீங்க. புரோட்டாவை வாய்ல வைக்கறான், வெச்ச நொடியே கண்ணை மூடிக்கறான், "வேற லெவல்"ங்கறான். நாக்குக்கு ருசி தெரியறதுக்கு ஒரு நேரம் வேணாமுங்களா? இன்னும் மெல்லவே இல்லை, அதுக்குள்ளே லெவல் மாறிடுச்சு. அவனை இருபது லட்சம் பேர் பார்க்கறாங்க. நான் முப்பத்தொரு வருஷம் ருசி பார்த்தேன், யாராவது பார்த்தாங்களா?

வாசல்ல சாப்பாடு கொண்டுவர்ற ஆளுங்களும் அப்படித்தான். பேச்சே கிடையாது. கேட்டுக்கு வெளியே நின்னு "ஓடிபி சார்"ங்கறாங்க. நாலு நம்பர் சொன்னா பொட்டலத்தைக் கொடுத்துட்டுப் பறந்துடறாங்க. போன வாரம் பூரா இந்த வீட்டு வாசல்ல நான் வாயைத் திறந்து பேசினது அந்த நாலு நம்பர்தான். சரி, அதை விடுங்க.

டிவி விஷயத்துக்கு வர்றேன். முதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

எனக்கு ஒரே பொண்ணு. மேகலா. புனேயில வேலை. மாப்பிள்ளை கோகுலுக்கும் அங்கேதான் வேலை. பேத்தி இனியாவுக்கு அஞ்சு வயசு. மேகலாவோட அம்மா போய்ச் சேர்ந்தது நாலு வருஷத்துக்கு முன்னாடி. அதுல இருந்து நானும் மேகலாவும் ஒரு பழக்கம் வெச்சிருந்தோம். இந்த ஆப்ல மட்டும் ஒரு பாட்டுப் போட்டி வருதில்லைங்களா, அதை அவ அங்கே, நான் இங்கே, ஒண்ணா உட்கார்ந்து பார்ப்போம். எப்படீங்கறீங்களா? போனை ஸ்பீக்கர்ல போட்டு இந்த சோபாக் கைப்பிடி மேலே வெச்சுக்குவேன். அவளும் அப்படியே வெச்சுக்குவா. "ரெடியாப்பா? ஒண்ணு, ரெண்டு, மூணு"ம்பா. மூணுல ரெண்டு பேரும் ரிமோட்டை அமுக்கணும். நான் எப்பவும் கொஞ்சம் லேட்டு. அதனால அவ சிரிக்கற சத்தம் முதல்ல வரும், சிரிப்புக்கு உண்டான ஜோக்கு எனக்கு அப்புறம்தான் வரும். "இருடி, எனக்கு இன்னும் வரலை"ன்னு கத்துவேன். அதுக்கும் சிரிப்பா.

ஒவ்வொரு பாட்டுக்கும் ரெண்டு பேரும் தனித்தனியா மார்க் போடணும். பத்துக்கு. நான் ஆறுக்கு மேலே போட்டதா சரித்திரமே கிடையாது. "அப்பா, உங்ககிட்ட பாடினா சரஸ்வதியே அரியர் வைக்கணும்"ம்பா. அவ என்னடான்னா எல்லாருக்கும் எட்டு, ஒன்பது. நான் சொல்லுவேன், "கண்ணு, நீ ஆய்வாளர் வேலைக்கு வந்திருந்தா ஊரே வாந்தி எடுத்திருக்கும்." இப்படியே மூணு சீசன் போச்சுங்க. நாலாவது சீசன் இந்தப் பொங்கல் கழிச்சு ஆரம்பிச்சது.

கேட்டுக்கிட்டே பாருங்க, ரிமோட்டு அங்கேதான் இருக்கு.

அப்பவே மேகலாவுக்கு வேலை ஜாஸ்தி. டிசம்பர்ல வீடு வேற மாத்தியிருந்தா. முன்னாடி இருந்தது பெரிய பிளாட், பால்கனியில ஊஞ்சல் எல்லாம் உண்டு. புது வீட்டை வீடியோவுல காட்டினா, ஒரே ஒரு ரூம், சமையல்கட்டுல திரும்பினா சுவத்துல இடிக்கும். "ஏன் கண்ணு?"ன்னேன். "ஆபீஸுக்குப் பக்கம்ப்பா"ன்னா. இந்தக் காலத்துப் பசங்க அப்படித்தாங்க. டிராபிக்குக்குப் பயந்து புறாக்கூண்டுல குடியிருப்பாங்க. மாப்பிள்ளையைப் பார்க்கணும்னா அவர் வீடியோவுல வர்றதே இல்லை. எப்பக் கேட்டாலும் டூட்டி. ஒரு தடவை இனியாக்குட்டி போனைப் பிடுங்கி, "தாத்தா, இது அம்மா வீடு, அப்பா வீட்டுலதான் என் சைக்கிள் இருக்கு"ன்னா. பழைய வீட்டைச் சொல்றாள்னு எனக்குப் புரிஞ்சுது. குழந்தைங்களுக்கு வீடு மாறறது அவ்வளவு சீக்கிரம் மனசுல ஏறாது. அதுக்குன்னு ஒரு கட்டுரையே வந்திருந்துச்சு, மேகலாவுக்கு அனுப்பி வெச்சேன்.

என்னங்க தம்பி, காபி ஆறுது.

இந்த சீசன்ல அரியலூர்ப் பக்கம் இருந்து தாமரைச்செல்வின்னு ஒரு பொண்ணு வந்தா. குரல் மோசம்னு சொல்ல மாட்டேன். மேல் ஸ்தாயியில கொஞ்சம் கிறீச்சுங்கும், மத்தபடி தேறும். ஆனா பாடறதுக்கு முன்னாடி கதை ஆரம்பிச்சுட்டாங்க. புருஷனை விட்டு வந்துட்டாளாம். கையில குழந்தை. ராத்திரியோட ராத்திரியா அப்பா வீட்டு வாசல்ல வந்து நின்னாளாம், அவர் கேட்டைத் திறந்துவிட்டாராம். சொல்லும்போதே பின்னாடி வயலினை இழுக்கறாங்க. நடுவருங்க மூணு பேரும் டிஷ்யூ பேப்பரை எடுக்கறாங்க. அதுல நடுவுல உட்கார்ந்திருக்கற அம்மா மை கலையாம அழறாங்க, அது ஒரு தனித் திறமைங்க. அந்தப் பொண்ணோட அப்பாவை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை வேற போட்டாங்க.

எனக்குக் கோபம் வந்துடுச்சு. பாட்டுல கலப்படம்தானுங்களே இது? பாட்டைக் கொடு, நான் மார்க் போடறேன். கண்ணீரை எதுக்குக் கலக்கறே? நான் பத்துக்கு நாலு போட்டேன். மேகலா இன்னும் மார்க் சொல்லலை. நான் சும்மா இருக்காம பேசிக்கிட்டே போறேன். "கட்டின வீட்டைக் காப்பாத்தத் தெரியாதவ மேடையைக் காப்பாத்த வந்துட்டா. இவளைச் சொல்லி என்ன, அந்தப் பெரிய மனுஷனைச் சொல்லணும். பொட்டியோட வந்து நின்னா உடனே கேட்டைத் திறந்துடறதா? நானா இருந்தா அடுத்த பஸ்ஸுல ஏத்தி வந்த வழியே அனுப்பி வெச்சிருப்பேன்"னேன்.

கருத்துதானுங்களே. எனக்குத் தோணினதைச் சொன்னேன்.

லைன் கட் ஆயிடுச்சோன்னு, "மேகலா, உன் மார்க் எவ்வளவு?"ன்னேன். அவ வீட்டு டிவியில பாட்டு ஓடற சத்தம் மட்டும் கேட்குது. அப்புறம் மெதுவா, "பாப்பா அழறாப்பா, நான் அப்புறம் பேசறேன்"ன்னா. பாப்பா அழற சத்தம் எனக்குக் கேட்கலைங்க. வெச்சுட்டா.

அதோட சரி. பதினோரு வாரம். அடுத்த ஞாயித்துக்கிழமை போனைச் சார்ஜ் போட்டுக் கைப்பிடி மேலே வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். கூப்பிடலை. நான் கூப்பிட்டா, "ஆபீஸ் வேலைப்பா"ங்கறா, ரெண்டு வார்த்தை, வெச்சுடறா. அப்புறம் அதுவும் நின்னுடுச்சு. ஒரு பாட்டுக்காரிக்காகப் பெத்த அப்பன்கிட்டக் கோவிச்சுக்குவாங்களா? இதைத்தான் நான் சொல்றேன், இந்த நிகழ்ச்சிங்க ஜனங்களைக் கெடுத்து வெச்சிருக்கு. திரையில வர்றவங்களை வீட்டு மனுஷங்க மாதிரி நினைச்சுக்கறாங்க.

நான் அனுப்பறதை நிறுத்தலைங்க. தினமும் காலையில ஆறு மணிக்கு ஒரு கருத்து எழுதி அனுப்பிடுவேன். கல்யாணத்துக்கு முன்னாடி ஏரியில இறங்கிப் போட்டோ எடுக்கறாங்களே, அதைப் பத்தி. நேத்து அனுப்பினது, கம்ப்யூட்டரே குரல் கொடுத்துப் பாடுதே, அதைப் பத்தி. எல்லாத்துக்கும் நீல டிக் விழுந்துடுது. படிக்கறா. பதில்தான் இல்லை.

என்னங்க கேட்டீங்க? அவ நல்லா இருக்காளான்னு கேட்டேனாவா? நல்லா இல்லாம என்னங்க? ரெண்டு பேரும் சம்பாதிக்கறாங்க, ஒரு குழந்தை. அவளுக்கென்ன குறை?

ம்? அக்கவுண்ட் யார் பேர்லயா? மாப்பிள்ளை பேர்லதான். கல்யாணம் ஆன புதுசுல அவரே போட்டுக் கொடுத்தார். தங்கமான பையன். திறந்த உடனே நாலு மூஞ்சி வரிசையா வரும், பார்த்திருப்பீங்க. கோகுல், மேகலா, இனியா, கடைசியில அப்பா. எனக்குன்னு மீசை வெச்ச ஒரு பொம்மை மூஞ்சியை மேகலாதான் தேடிப் போட்டா. மார்ச் மாசம் ஒருநாள் திறக்கறேன், மேகலா மூஞ்சியைக் காணோம். மூணுதான் இருக்கு. அப்பவே டிவி பழுதாக ஆரம்பிச்சிருக்கும்னு நினைக்கறேன். அடுத்த வாரம் மொத்தமா நின்னு போய், பாஸ்வேர்டு கேட்க ஆரம்பிச்சிடுச்சு. அதான் நீங்க இப்ப பார்க்கறது. அஞ்சு வாரமா இதே திரைதான்.

மாப்பிள்ளைக்கும் போன் பண்ணினேங்க. எடுத்தார். "மாமா, நல்லா இருக்கீங்களா"ன்னார். விஷயத்தைச் சொன்னேன். அப்புறம், "மாமா, நீங்க மேகலாகிட்டயே பேசிக்குங்க. அதுதான் சரி"ன்னார். "சாரி மாமா"ன்னு வேற சொன்னார். ஒரு பாஸ்வேர்டு தெரியாததுக்குச் சாரி கேட்கற மாப்பிள்ளை யாருக்குக் கிடைப்பாங்க, சொல்லுங்க?

புதுசா ஒரு அக்கவுண்ட் போட்டா உடனே வந்துடுமா? தெரியுமுங்க, ரெண்டாவது வந்தவரும் அதைத்தான் சொன்னார். எனக்குப் புது அக்கவுண்ட் வேண்டாம். தனியா என் மூஞ்சியை மட்டும் போட்டு வெச்சு, அதையே அமுக்கிட்டு உட்காரவா? அந்த வரிசை வேணுமுங்க. அதைக் கொண்டு வர முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லுங்க.

ஏன் தம்பி தலையைக் குனிஞ்சுக்கறீங்க?

அப்படீங்களா? உங்க தங்கச்சியா? எங்கே, பவானியிலயா கட்டிக் கொடுத்திருந்தீங்க? எத்தனை வருஷமாச்சு வந்து? ரெண்டு வருஷமா உங்க வீட்டுலதான் இருக்காங்களா? குழந்தையோடவா? ஐயோ பாவம். உங்கப்பா இருக்காரா? அவர் என்ன சொன்னார், வந்து நின்னப்போ? ஒண்ணுமே சொல்லலையா? பையை வாங்கி உள்ளே வெச்சுட்டு, "வெயிலா இருக்கு, மோர் குடி"ன்னாரா? அவ்வளவுதானா? ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்கலை?

இல்லைங்க, நான் ஒத்துக்க மாட்டேன். கேட்டிருக்கணும். என்ன நடந்துதுன்னு தெரியாம எப்படிங்க...

அப்படியா சொன்னாங்க தங்கச்சி? "அப்பா கேட்டிருந்தா நான் திரும்பிக் கிணத்துக்குத்தான் போயிருப்பேன்"னா? உங்ககிட்டயே சொன்னாங்களா?

இருங்க, தண்ணி குடிச்சுட்டு வர்றேன்.

...என்னங்க? போன்ல பேசி அனுப்பச் சொல்றீங்களா? என்னன்னு அனுப்பறது? தப்பு சொன்னது அவதான். சரி, அவ ஒண்ணும் சொல்லலை. நான் சொன்னதுதான். ஆனாலும் அது ஒரு கருத்துங்க. ஒரு கருத்தைப் போய் எப்படித் திரும்ப வாங்கறது? முப்பத்தொரு வருஷத்துல, சோதனைக்கு எடுத்த ஒரு மாதிரியோட ரிப்போர்ட்டைக் கூட நான் திருத்தி எழுதினதில்லை.

சரி. நீங்க சொல்றீங்கன்னு செய்யறேன். பைனலுக்கு ஆள் வேணுமில்லைங்களா? தனியாப் பார்க்கறதுக்கு அது என்ன நிகழ்ச்சி, தரித்திரம். இந்தப் பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே பேசணும், எனக்குத் தெரியும். சத்தம் போடாதீங்க.

"கண்ணு, மேகலா. அப்பா பேசறேன். அந்தத் தாமரைச்செல்விக்கு நான் போட்ட மார்க்கு தப்பு. நாலு கிடையாது. எவ்வளவுன்னு நீயே போட்டுக்கோ, அப்பா கையெழுத்துப் போட்டுடறேன். அப்புறம்... அவங்கப்பா கேட்டைத் திறந்துவிட்டது சரிதான். நானா இருந்தாலும் திறந்திருப்பேன். அன்னிக்கு ஏதோ வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். வெச்சுடறேன் கண்ணு."

போயிடுச்சு. போதுமுங்களா? நான் நம்பி ஒண்ணும் சொல்லலைங்க, ஒரு பேச்சுக்குச் சொன்னேன். வீட்டுல சமாதானம் வேணும்னா சில சமயம் கொஞ்சம் கலந்துதான் ஆகணும் போலிருக்கு.

நீங்க பிளக்கைக் கழட்டிப் பாருங்க. பின்னாடி தூசியா இருக்கும், வேலைக்கார அம்மா அந்தப் பக்கம் கையே விட மாட்டாங்க. அவங்களும் வந்து அரை மணி நேரம், காதுல ஒயரை மாட்டிக்கிட்டு யார்கூடவோ பேசிட்டே பெருக்குவாங்க. என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க. நான் ஏதோ சொல்ல வாயைத் திறப்பேன், பார்த்தா அந்தச் சிரிப்பு போன்ல இருக்கற ஆளுக்கு.

பாருங்க, நீல டிக் விழுந்துடுச்சு. கேட்டுட்டா. எழுதறாங்க, எழுதறாங்கன்னு காட்டுது. நின்னுடுச்சு. மறுபடியும் எழுதறா. இவ்வளவு நேரம் என்னத்தை எழுதுவா? மார்க் ஷீட்டே போடறா போல.

வந்துடுச்சுங்க. கண்ணாடி எங்கே? சட்டைப் பையிலதான்.

"அப்பா. ரெண்டு தடவை கேட்டேன். நானும் பாப்பாவும் ஞாயித்துக்கிழமை காலையில வந்துடறோம். இப்பத்தான் டிக்கெட் போட்டேன். திரும்பி வர்றதுக்குப் போடலை."

பார்த்தீங்களா! நான் சொல்லலை? பைனலை என்கூட உட்கார்ந்து பார்க்க வர்றா. அங்கே இருந்து இங்கே, ஒரு பாட்டு நிகழ்ச்சிக்கு! தம்பி, எப்படியாவது இதைச் சரி பண்ணிடுங்க. ஆனா இந்தத் தலைமுறைக்குத் திட்டம்னு ஒண்ணு கிடையவே கிடையாதுங்க. இது லீவு சமயம், ரயில்ல கூட்டம் எப்படி இருக்கும்? வர்றப்பவே திரும்பறதுக்கும் சேர்த்துப் போட வேணாமா? மாப்பிள்ளைக்கு லீவு கிடைச்சிருக்காது, அதான் அவர் பேரைக் காணோம்.

இன்னொண்ணும் வந்திருக்கு, இருங்க.

"வீட்டுக்குப் பக்கத்துல பாப்பாவுக்கு எந்த ஸ்கூல் நல்லா இருக்கும்னு விசாரிச்சு வைங்கப்பா. ஜூன்ல ஒண்ணாவது."

ஸ்கூலா? ஸ்கூலைப் பத்தி என்கிட்டயா கேட்கறா? இப்ப இருக்கறதெல்லாம் ஸ்கூலுங்களா தம்பி? வாசல்ல சிங்கம் பொம்மையை வெச்சு, பேருக்குப் பின்னாடி ஒரு இன்டர்நேஷனலைப் போட்டுட்டா ஆச்சு. உள்ளே போனா குதிரை சவாரிங்கறான், குழந்தைக்கு ரெண்டும் ரெண்டும் எவ்வளவுன்னு தெரியாது. இதைப் பத்தி ஒரு நாள் விளக்கமா எழுதணும்னு நானே...

பத்து நாள் லீவுல வர்ற குழந்தைக்கு எதுக்குங்க ஸ்கூல்?

...

நீங்க அந்தப் பிளக்கை மாட்டிடுங்க தம்பி. போதும். டிவி கிடக்கட்டும்.

உங்களுக்கு இதுக்கப்புறம் வேற எங்கேயும் புகார் இருக்குங்களா? இல்லைன்னா கொஞ்சம் இருங்க, சட்டையை மாத்திட்டு வந்துடறேன். அடுத்த தெருவுல மாரியம்மன் கோயிலை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. சிங்கம் எல்லாம் கிடையாது, ஒரு வேப்ப மரம் இருக்கும். நடந்தே போயிடலாம். மணி நாலுதான், ஆபீஸ்ல ஆள் இருப்பாங்க. என்கூட ஒரு எட்டு வர்றீங்களா? அட்மிஷன் பாரம் வாங்கிட்டு வந்துடலாம். எனக்கு இதெல்லாம் பழக்கமில்லைங்க, மேகலாவைச் சேர்க்கறப்போகூட அவங்கம்மாதான் அலைஞ்சா.

பாரத்துல அப்பா பேரு, வேலை, விலாசம்னு மூணு வரி கேட்பாங்க, ஞாபகம் இருக்கு. உங்க தங்கச்சி குழந்தைக்கு, அந்த வரியில நீங்க என்னங்க எழுதினீங்க?